எத்திவைப்பது எப்படி? தஃவா பற்றி நம்ம நெல்லைச் சீமையில் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வாப்பா தறி நெய்தவர், உம்மா பீடி சுற்றியவர். ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கிற ஆளும் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக அழைப்புப் பணி (இஸ்லாத்தைப் பற்றி எடுத்துச் சொல்வது) என்று ஊர் ஊராகக் கொஞ்சம் அலைந்திருக்கிறேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தையில் நிற்கும்போதும், தென்காசி பஸ்ஸில் பக்கத்து சீட்டிலும், கல்யாணப் பந்தியிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பாதிக் கேள்விகள் நம்மாள்கள் கேட்பது, மீதி மாற்று மதத்து நண்பர்கள் கேட்பது. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் தொண்டைத் தண்ணீர் வற்ற வேண்டாமே என்றுதான் இது.

தஃவா, தஃவத், தப்லீக், அழைப்புப் பணி: எல்லாம் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட. தஃவா என்றால் அரபியில் அழைப்பு. விருந்துக்குக் கூப்பிடுவதற்கும் அதே சொல்தான். கல்யாணப் பத்திரிகை வைப்பது நம்ம வேலை, வருவதும் வராததும் அவர் இஷ்டம், வராதவர் வீட்டுக் கதவைப் போய் உடைக்க முடியாது. தப்லீக் என்றால் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நம்ம பக்கத்து பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) 'எத்திவைப்பது' என்று சொல்வார்களே, அதுதான்.

எத்திவைத்தால் நம்ம பொறுப்பு முடிந்தது. இதை நான் சொல்லவில்லை, குர்ஆன் 88-ஆவது அத்தியாயம் 21, 22 வசனங்கள் நபியைப் பார்த்தே சொல்கின்றன: நீர் நினைவூட்டுகிறவர்தான், அவர்களை அடக்கி ஆளுகிறவர் இல்லை. நபிக்கே அவ்வளவுதான் என்றால், 'இந்த வருஷம் எங்க குழு இத்தனை பேரைக் கொண்டு வந்தது' என்று மைக்கில் கணக்கு வாசிக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சீட்டுக் கம்பெனி ஆள் பிடிப்பது மாதிரியாகிவிட்டது சில இடங்களில்.

நபிகள் நாயகம் எப்படித் தொடங்கினார்கள்?

கி.பி. 610-ல் ஹிரா குகையில் முதல் வஹீ (இறைச்செய்தி). வீட்டுக்கு வந்ததும் முதலில் நம்பியது மனைவி கதீஜா நாயகி. அப்புறம் வளர்ப்புப் பிள்ளை மாதிரி இருந்த அலீ, ஜைத், நண்பர் அபூபக்கர். கூடவே வாழ்ந்து, இந்த ஆளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள்தான் முதலில் நம்பினார்கள். இந்த ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டே இருக்கலாம். நம்மில் எத்தனை பேரை வெளியூர்க்காரன் நம்புகிறான், வீட்டுக்காரி நம்புகிறாள்?

முதல் மூன்று வருஷம் கூட்டம் போடவில்லை, அர்க்கம் என்பவரின் வீட்டில் சத்தமில்லாமல் சந்தித்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் ஸஃபா குன்றில் ஏறி மக்காவாசிகளைக் கூப்பிட்டார்கள். எடுத்த எடுப்பில் மார்க்கம் பேசவில்லை. 'இந்த மலைக்குப் பின்னால் ஒரு படை வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?' என்று கேட்டார்கள். 'நீர் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை' என்று பதில் வந்தது. நாற்பது வருஷம் வியாபாரத்திலும் பேச்சிலும் நேர்மையாக வாழ்ந்து சேர்த்த பெயர் அது. அதற்கு மேலேதான் அடுத்த வார்த்தையை வைத்தார்கள். அப்படி இருந்தும் முதலில் திட்டியது யார்? சொந்தப் பெரியப்பா அபூலஹப்.

619 வாக்கில் தாயிஃப் போனார்கள். அங்கே தெருப் பையன்களை ஏவிவிட்டுக் கல்லால் அடித்து விரட்டினார்கள், கால் செருப்பெல்லாம் ரத்தம். ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கி உட்கார்ந்தபோது, தட்டில் திராட்சை கொண்டுவந்து கொடுத்த அத்தாஸ் என்கிற கிறிஸ்தவ அடிமை ஒருத்தர்தான் அந்தப் பயணத்தில் காது கொடுத்துக் கேட்டவர். ஊர் தலைவர்கள் யாரும் இல்லை, ஒரே ஒரு வேலைக்காரர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது முஸ்அப் கதை. 621-ல் மதீனாவுக்கு (அப்போது யஸ்ரிப்) அனுப்பப்பட்ட இளைஞர் அவர். ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது உஸைத் என்ற தலைவர் ஈட்டியோடு வந்து நிற்கிறார், 'எங்க ஆட்களைக் கெடுக்கவா வந்தாய், உயிர் வேண்டுமென்றால் கிளம்பு' என்கிறார். முஸ்அப் சொன்னது: உட்கார்ந்து கொஞ்சம் கேளுங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். உஸைத் 'நியாயமான பேச்சு' என்று சொல்லி ஈட்டியைத் தரையில் குத்திவிட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் 628-க்குப் பிறகு ரோம, பாரசீக மன்னர்களுக்கும் எகிப்தின் ஆட்சியாளருக்கும் கடிதம் போனது, யமனுக்கு முஆத், அபூமூஸா இருவரையும் அனுப்பும்போது 'எளிதாக்குங்கள், சிரமமாக்காதீர்கள், நல்ல செய்தி சொல்லுங்கள், வெறுத்து ஓட வைக்காதீர்கள்' என்று சொல்லி அனுப்பியது எல்லாம் பள்ளியில் அடிக்கடி கேட்கிற செய்திகள்தான்.

மழுப்பாமல் சொல்லுங்க, வாளால்தானே பரவியது?

மழுப்பவில்லை. படையெடுப்புகள் நடந்தன, அதை மறைக்க ஒன்றுமில்லை. அரபுப் படைகள் சிரியா, எகிப்து, பாரசீகம் என்று நூறு வருஷத்துக்குள் பிடித்தார்கள். ஆனால் ஆட்சி போன வேகத்தில் மதம் போகவில்லை. எகிப்தைப் பிடித்துப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் அங்கே கிறிஸ்தவர்கள்தான் அதிகம் இருந்தார்கள். மறுபக்கம் இந்தோனேசியாவுக்கு எந்த அரபுப் படையும் போகவில்லை, உலகத்திலேயே முஸ்லிம்கள் அதிகம் உள்ள நாடு இன்றைக்கு அதுதான். கப்பலில் சரக்கோடு போனவர்களும் கூடப் போன சூஃபிகளும் செய்த வேலை அது.

நம்ம பக்கத்துக்கு வாருங்கள். 1311-ல் மாலிக் காஃபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்தான், பிறகு பதினான்காம் நூற்றாண்டில் சில பத்து வருஷங்கள் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி இருந்தது. அதில் ஒரு சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்ணால் பார்த்து மனம் பதறி எழுதிவைத்தவர் இப்னு பதூதா, அவரே ஒரு முஸ்லிம், அந்தச் சுல்தானுக்கு உறவுமுறையும்கூட. ஆக, அதை நாங்கள் மூடி மறைக்கத் தேவையில்லை. அந்தப் படைகள் வருவதற்கு முன்னாலேயே கடற்கரையில் தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதைத்தான் அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சரி, திருநெல்வேலிப் பக்கம் எப்படி வந்தது?

கடல் வழியாக. காயல் துறைமுகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், தாமிரபரணி கடலில் சேர்கிற பக்கம். (காயல்பட்டினம் இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-க்கு முன்னால் எல்லாமே திருநெல்வேலி மாவட்டம்தான், எங்களுக்கு இன்னும் அப்படியேதான் வாயில் வருகிறது.) பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலில் வந்து நிற்கும் என்று எழுதியிருக்கிறார். பாண்டியர்களுக்குக் குதிரை வேண்டும், அரபிகளுக்கு முத்து வேண்டும். பருவக்காற்று மாறும் வரை திரும்ப முடியாது, மாதக்கணக்கில் இங்கேயே தங்க வேண்டும். தங்கினவர்கள் கல்யாணம் முடித்தார்கள், பிள்ளைகள் தமிழ் பேசின. பெரிய திட்டம் எதுவும் போட்டு வந்த மாதிரித் தெரியவில்லை.

வியாபாரி எப்படி அழைப்பாளர் ஆவார் என்று கேட்பார்கள். நீங்கள் கடன் சொல்லிச் சரக்கு எடுக்கிறீர்கள், அவர் அடுத்த பருவத்தில்தான் வருவார். இரண்டு பக்கமும் நம்பிக்கை இல்லாமல் நாலு நாள் ஓடாது. ஒரு ஆள் நிறுவையில் ஏமாற்றாமல், நேரமானால் கடையைப் போட்டுவிட்டுத் தொழப் போவதை வருஷக்கணக்கில் பார்த்தால், யாரப்பா உன் சாமி என்று ஒரு நாள் கேட்கத்தானே தோன்றும்?

அப்புறம் உள்நாட்டுக்கு வந்தது சூஃபிகளாலும் தறிகளாலும். மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர், புளியங்குடி, பத்தமடை, ஏர்வாடி: இவற்றில் பல ஊர்கள் நெசவோடு வளர்ந்தவை, பத்தமடையில் துணிக்குப் பதில் கோரைப்பாய். பதினேழாம் நூற்றாண்டில் தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கிற பீர் முகம்மது அப்பா, அவரும் தறி நெய்தவர்தான் என்று சொல்வார்கள். அவருடைய ஞானப்புகழ்ச்சியை இன்றைக்கும் தக்கலையில் வருஷா வருஷம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுகிறார்கள். சித்தர் பாட்டு கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தமிழ் அந்நியமாகவே இருக்காது. இதை யாரும் அப்போது 'தஃவா உத்தி' என்று பெயர் வைத்துச் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த மொழியில் அவருக்கு வந்ததைப் பாடினார்.

சீறாப்புராணம்கூட அழைப்புப் பணியா?

நேராகச் சொன்னால் இல்லை, அது காப்பியம். எட்டயபுரத்து உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் பாடியது, விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டம், ஐயாயிரத்துச் சொச்சம் பாட்டு. தொடங்கி வைத்தவர் கீழக்கரை சீதக்காதி வள்ளல், அவர் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் தாங்கினார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அரபு நாட்டைப் பாடுகிறார், அங்கே மழை பெய்து வெள்ளம் மலையிலிருந்து இறங்கி வயலில் பாய்கிறது, உழவர் நாற்று நடுகிறார்கள். மணலும் ஈச்சமரமும் மட்டும் இருக்கிற ஊரில் ஏதய்யா நெல்வயல்? குற்றாலச் சாரலையும் தாமிரபரணியையும் பார்த்து வளர்ந்த வாசகனுக்கு நபியின் ஊரை அவன் ஊர் மாதிரியே காட்டிவிட்டார். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் தமிழ் ஐயா, நெற்றியில் பட்டை போட்ட சைவர், சீறாவில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பாடம் நடத்தினார். வேடன் வலையில் மாட்டிய மான் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்ச, நபி அதற்குப் பிணை நிற்கிற இடம். ராகம் போட்டுப் பாடி, பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வகுப்பில் முஸ்லிம் பையன்கள் நாங்கள் நாலு பேர்தான். எத்தனை பயான் கேட்டிருப்பேன், அந்த நாற்பது நிமிஷம் மாதிரி ஒன்று அமையவில்லை.

தப்லீக்காரர்கள் தெருவில் போகிறார்கள், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

ஒரு நண்பர் நிஜமாகவே மனக்குறையாகக் கேட்டார், அதனால் எழுதுகிறேன். அவர்கள் வருவது முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும். 1920-களில் டெல்லிக்குப் பக்கத்து மேவாத்தில் மவ்லானா இல்யாஸ் தொடங்கியது. பெயருக்கு முஸ்லிமாக இருந்து தொழுகைகூடத் தெரியாதவர்களைப் பள்ளிக்குக் கூட்டிவருவதுதான் நோக்கம். மூன்று நாள், நாற்பது நாள் (சில்லா என்பார்கள்), நாலு மாதம் என்று சொந்தச் செலவில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சாயங்காலம் வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் போவது கஷ்த். எங்கள் தெருவில் அவர்கள் வரும் நேரம் தெரிந்து பின்வாசல் வழியாக நழுவுகிறவர்கள் உண்டு, நானும் அந்த வயதில் நழுவியிருக்கிறேன்.

மாற்று மதத்தவரிடம் பேசுவது வேறு குழுக்கள். 1980-களுக்குப் பிறகு தவ்ஹீத் (ஓரிறைக் கொள்கை) இயக்கங்கள் வளர்ந்தபோது 'இஸ்லாம் ஓர் இனிய மார்க்கம்' என்று மேடை போட்டு, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று மைக்கைக் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். அது புதுசு. நாலு கல்யாணம் ஏன், மாட்டுக்கறி ஏன், பர்தா ஏன் என்று மனதில் கிடந்த கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்க ஒரு இடம் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அஹ்மத் தீதாத்தின் விவாத வீடியோ கேசட்டுகள் வந்த காலமும் அதை ஒட்டித்தான். விவாதம் கைதட்டல் வாங்கும், எனக்கும் அப்போது புல்லரிக்கும். ஆனால் விவாதத்தில் தோற்றவர் எழுந்து வந்து கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லி நான் பார்த்ததில்லை, முகம் சிவந்து வீட்டுக்குப் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மீனாட்சிபுரத்தில் நடந்தது என்ன? கல்ஃப் பணம் என்றார்களே?

இந்தக் கேள்வி வராத மேடை கிடையாது. 1981 பிப்ரவரி 19. செங்கோட்டை, பண்பொழிப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். இப்போது தென்காசி மாவட்டம். அங்கே நூற்றுக்கணக்கான தலித் மக்கள் ஒரே நாளில் இஸ்லாத்தை ஏற்றார்கள். திருநெல்வேலியில் இருந்த தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை அதை நடத்திக் கொடுத்தது. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. நாடே அதிர்ந்தது, டெல்லியிலிருந்து தலைவர்கள் இறங்கினார்கள், பத்திரிகைக்காரர்கள் மொய்த்தார்கள், திரும்ப இந்து மதத்துக்கு அழைத்துப் போக அமைப்புகள் வந்தன, சிலர் திரும்பவும் செய்தார்கள். பெட்ரோல் பணம் என்று எழுதாத பேப்பர் இல்லை.

போய் விசாரித்து எழுதியவர்கள் பலரும் அந்த மக்கள் வாயிலிருந்து கேட்டது வேறு. டீக்கடையில் தனி டம்ளர், மேல்சாதிக்காரர் முன்னால் துண்டைத் தோளில் போடக்கூடாது, படித்து வேலைக்குப் போன பையனையும் 'ஏலே' என்று கூப்பிடுவது, ஏதாவது தகராறு என்றால் போலீஸ் கெடுபிடி இவர்கள் தெருவில்தான். மதம் மாறுவது பற்றி அந்த ஊரில் ஒரே ராத்திரியில் முடிவெடுக்கவில்லை, பல வருஷமாகவே பேசியிருக்கிறார்கள்.

இதில் நம்மாள்களுக்கு ஒரு வார்த்தை. இதை நம்ம தஃவாவின் வெற்றி என்று மேடையில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களை வெளியே தள்ளியது சாதி. நாம் கதவைத் திறந்து வைத்திருந்தோம், ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிட்டோம், அது உண்மை, அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் பேசிப் பேசி மனதை மாற்றினோம் என்பது கதை. உள்ளே வந்த பிறகு பொண்ணு கொடுக்கல் வாங்கலில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டம் 25-ஆவது பிரிவு, ஒரு மதத்தை ஏற்க, பின்பற்ற, பரப்ப உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை இல்லை, கருத்தை எடுத்துச் சொல்லும் உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னது. பலருக்கு அந்தத் தீர்ப்பில் கோபம் உண்டு. எனக்கு அது 88-ஆவது அத்தியாயத்தை வக்கீல் பாஷையில் எழுதின மாதிரி இருக்கிறது, மாற்றுவது நம்ம வேலையே இல்லையே. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது.

முக்கியமான ஒன்றை மறைக்கக் கூடாது. 1950-ஆம் வருஷத்து ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்கு மட்டும். முஸ்லிமானால் அது போகும். இதை முன்கூட்டியே சொல்லாமல் கலிமா சொல்லிக் கொடுக்கிறவர், என்னைக் கேட்டால், ஏமாற்றுகிறார். பிள்ளையின் காலேஜ் சீட் சம்பந்தப்பட்ட விஷயம் அது. ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புங்கள், அவசரமே இல்லை.

இஸ்லாத்துக்கு வர என்ன செய்ய வேண்டும்? சுன்னத், பெயர் மாற்றம், சர்டிபிகேட்?

கலிமாவை அர்த்தம் தெரிந்து, மனதார, யாரும் நெருக்காமல் சொன்னால் போதும். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை, முஹம்மத் அவனுடைய தூதர் என்பது அதன் பொருள். குளித்துவிட்டுத் தொழுகை படிக்கத் தொடங்குவார்கள். பழைய பெயருக்குத் தப்பான அர்த்தம் இல்லையென்றால் மாற்ற வேண்டிய கட்டாயம் கிடையாது. சுன்னத்தைக் காரணம் காட்டி யாரையும் வாசலிலேயே நிறுத்தக் கூடாது, வயதானவரை பயமுறுத்துவது பாவம். சர்டிபிகேட், அரசிதழ் எல்லாம் கல்யாணம், ஹஜ், அடக்கத்தலம் போன்ற காரியங்களுக்குத்தான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

நான் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

இருபத்திரண்டு வயதில் ஒரு சின்ன வகுப்பு முடித்துவிட்டு, உலகத்தைத் திருத்தும் வேகத்தில் இருந்தேன். வாப்பாவுக்கு நூல் கொண்டுவந்து போடுகிற ஒரு அண்ணாச்சி உண்டு, முப்பது வருஷப் பழக்கம். நோன்பு மாதம் அஸர் (பிற்பகல் தொழுகை) முடிந்த பிறகு தூக்குவாளியோடு அவர் பேரன் எங்கள் பள்ளிக்குக் கஞ்சி வாங்க வருவான், அவர் வீட்டுக் கொடை (கோயில் திருவிழா) என்றால் எங்கள் வீட்டுக்குப் பழமும் தேங்காயும் வரும். ஒரு கொடை சமயத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கல்லைக் கும்பிடுவது பற்றி நான் படித்த வாதத்தையெல்லாம் அடுக்கினேன். கொஞ்சம் கிண்டலும் கலந்துதான். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காபி டம்ளரை நூல் மூட்டை மேல் மெதுவாக வைத்துவிட்டு, 'தம்பி நல்லாப் படிச்சிருக்கான்' என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நூல் வந்தது, மகன் கொண்டுவந்தான். அவர் வரவில்லை. அந்த வருஷ நோன்பில் தூக்குவாளியும் வரவில்லை.

வாப்பா என்னைத் திட்டவில்லை. 'ஆறாவது சூராவுல நூத்தியெட்டாவது ஆயத்த எடுத்து ஓதுல' என்றார். எடுத்தேன். அவர்கள் அழைக்கிற தெய்வங்களை நீங்கள் ஏசாதீர்கள் என்று இருந்தது. நான் எத்தனையோ தடவை ஓதிய பக்கம் அது.

அதனால் இப்போது புதுப் பையன்களிடம் சொல்வது இதுதான்: அவர் கேட்கட்டும். கேட்கும் வரை நல்ல அயல்வீட்டுக்காரனாக இருங்கள். சாவுக்குப் போங்கள், மருத்துவமனைக்கு ரத்தம் கொடுக்கப் போங்கள், கடன் வாங்கினால் சொன்ன தேதியில் கொடுங்கள். கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவர் மதத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்ததாக நீங்கள் நினைப்பதில் பாதி தப்பாக இருக்கும். தமிழ் குர்ஆன் கேட்டால் கொடுங்கள், அப்துல் ஹமீது பாக்கவியின் மொழிபெயர்ப்பு 1949-லேயே முழுசாக வந்துவிட்டது, அதற்குப் பிறகு எத்தனையோ. கொடுத்துவிட்டு 'படிச்சீங்களா, எத்தனை பக்கம் ஆச்சு' என்று வாரா வாரம் வட்டிக்காரன் மாதிரி போய் நிற்காதீர்கள்.

தர்காக்களால் தஃவா வளர்ந்ததா, கெட்டதா?

இதில் நம்மாள்களே இரண்டாக நிற்கிறோம். கடையம் பக்கத்துப் பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பெயரில் உள்ள பள்ளிவாசலுக்கு இந்துக்களும் கூட்டமாக வருகிறார்கள், கந்தூரி விழாவில் யார் எந்தச் சாதி என்று பார்ப்பதில்லை. இதுதான் இந்த மண்ணின் அழைப்பு என்பார் ஒருவர், இது ஷிர்க்குக்கு (இணைவைத்தலுக்கு) போகும் வழி என்பார் இன்னொருவர். எனக்கு மார்க்க ரீதியில் சங்கடம் உண்டு. ஆனால் அங்கே போய் நிற்கிற அம்மா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்திருக்கிறாள், அவளிடம் நின்று சண்டை போட எனக்கு வாய் வராது.

வாட்ஸப், யூடியூப்பில் செய்வது?

செய்யலாம். முஸ்லிமான நடிகர், விஞ்ஞானி என்று வரும் பார்வர்டுகளில் முக்கால்வாசி பொய், அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். பொய் சொல்லி உண்மைக்கு அழைக்க முடியாது.

வந்தவர்களுக்கு அப்புறம் என்ன?

இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். கலிமா சொன்ன அன்று தக்பீர் (அல்லாஹு அக்பர்) முழங்கி, கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்து (தயவுசெய்து போட்டோ எடுக்காதீர்கள், அவர் அம்மா அந்தப் போட்டோவைப் பார்க்கும் நிலைமையை யோசியுங்கள்), ஒரு மாதத்தில் மறந்துவிடுகிறோம். பத்து வருஷம் கழித்தும் 'அந்த நவ்முஸ்லிம்' (புது முஸ்லிம்) என்றே அடையாளம் சொல்கிறோம். பொண்ணு கேட்டால் குடும்பம், பூர்வீகம், எந்தத் தெரு என்று ஆரம்பிக்கிறோம். சாதி வேண்டாம் என்று வந்தவரிடம் நாம் கேட்கிற கேள்வி அது. இது எல்லா ஊரிலும் இல்லை, மாறியும் வருகிறது, ஆனால் இல்லை என்று சொன்னால் பொய்.

பெற்றோர் விஷயம். வீட்டை விட்டு வா, தொடர்பை அறு என்று சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். குர்ஆன் 31:15 சொல்வது, பெற்றோர் இணைவைக்க வற்புறுத்தினால் அந்த விஷயத்தில் மட்டும் கட்டுப்படாதே, உலக விஷயத்தில் அவர்களோடு அழகாக நடந்துகொள். அபூபக்கரின் மகள் அஸ்மா, இஸ்லாத்தை ஏற்காத தன் அம்மா பார்க்க வந்தபோது உறவாடலாமா என்று நபியிடமே கேட்டார், உன் அம்மாவோடு சேர்ந்திரு என்றார்கள். அம்மா கையால் சாப்பிடப் போகாமல் இருப்பது மார்க்கத்தில் சேர்த்தி இல்லை.

எவ்வளவு சொல்லியும் என் உயிர் நண்பன் ஏற்கவில்லையே, நான் எங்கே தவறினேன்?

எங்கேயும் தவறியிருக்க வேண்டியதில்லை. நபியை வளர்த்து, மக்காவே எதிர்த்தபோது அரணாக நின்ற பெரியப்பா அபூதாலிப், கடைசிப் படுக்கையில் கேட்டும் கலிமா சொல்லவில்லை. நீர் விரும்பியவரை நேர்வழியில் சேர்க்க உம்மால் முடியாது என்ற 28:56 அதையொட்டித்தான் வந்தது என்பார்கள். நண்பனை நண்பனாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் விருப்பமில்லை. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

'வேண்டாம் பாய், நாம வேற பேசுவோம்' என்றால் போதும். அதற்குமேல் ஒருத்தர் விடாமல் பேசினால் தப்பு அவர் மேல். முஸ்அப் கதையை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். நூல் அண்ணாச்சி விஷயம் என்ன ஆனது என்று சிலர் கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வாப்பா மவுத்தானபோது (இறந்தபோது) அவர்தான் முதலில் வந்து நின்றார். சந்தூக்கோடு (உடல் வைத்த பெட்டியோடு) அடக்கத்தலம் வரை நடந்தார், வெளியே சுவரோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், மண் போட அழைத்தபோது உள்ளே வந்து மூன்று பிடி போட்டார். அடுத்த நோன்புக்கு நானே தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். 'உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குடே' என்றார்.